கொண்டி திறந்த குரங்கும் பட்டினி கிடந்த ஐந்து பேரும்

கை கடலை உரித்துக்கொண்டிருக்கிறது. தூளியில் பிள்ளை இப்போதுதான் கண் அசந்தான். இந்தச் சொளகு நிறைகிற வரைக்கும் வாய்க்கு வேலை இல்லை, அதனால் ஒரு கதை சொல்கிறேன். கடலை யாருக்கு என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கதை எங்கள் ஊரில் நடந்தது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம், ரொம்பத் தள்ளி, தொப்பளாம்பட்டி என்று ஓர் ஊர். அது எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது. யார் வந்து கேட்டாலும் இப்படித்தான் சொல்வேன்.

அந்த ஊரில் புத்திசாலிகள் ஐந்து பேர். எண்ணியது அவர்களேதான். தலைவர் கொப்பையா ஒருவர். பூசாரி சுருளி ஒருவர். ஊர்க்காவல் வீரணன் ஒருவர். எட்டாம் வகுப்பு ஜக்கையன் ஒருவர். எட்டாவதை மட்டும் மூன்று வருசம் படித்ததால் ஊரிலேயே அதிகம் படித்தவர் அவர்தான். ஐந்தாவது ஆளின் பேரை என் வாயால் சொல்ல முடியாது. 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம். ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். விதைக்கடலையை யாரும் வீட்டில் வைக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் வறுத்துத் தின்றுவிடுவார்களாம். எல்லார் மூட்டையையும் ஊர்ப் பொதுக் கொட்டகையில் அடுக்கிவிடுவார்கள். சித்திரையில் பூசாரி நாள் குறித்து, வருசத்தின் முதல் உழவாக நல்லேர் பூட்டுகிற அன்றைக்குத்தான் அதைத் தொடலாம். அதற்கு முன்னால் சொந்த மூட்டையாக இருந்தாலும் தொட்டால் தெய்வக் குற்றம்.

கொட்டகைக் கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கொண்டி. தூக்கி மாட்டினால் கதவு நிற்கும், தூக்கிவிட்டால் திறந்துகொள்ளும். பூட்டும் இருக்கிறது, நல்ல கனமான பூட்டு. வெளியே தொங்கினால் திருடு போய்விடும் என்று அதைக் கொட்டகைக்குள்ளே பத்திரமாக வைத்திருந்தார்கள்.

உள்ளே சீனியம்மாவின் மூட்டை இரண்டு. அவள் வீட்டுக்காரர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் இரண்டு வருசம். குத்தகைக்குப் பிடித்த ஒரு ஏக்கரை அவள் ஒருத்தியாகத்தான் பாடுபடுகிறாள். போன வருசம் மழை இல்லை, நிலம் கரம்பாகக் கிடந்தது. "இந்த மழைக்கும் விதைக்கலைன்னா நிலத்தை வேற ஆளுக்கு விட்டுருவேன்"னு நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அவளுக்கு இருந்ததெல்லாம் அந்த இரண்டு மூட்டைதான்.

நல்லேருக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மொட்டைவாலி கொண்டியைத் திறந்தது.

மொட்டைவாலி ஒரு குரங்கு. ஒல்லி. வால் பாதிதான் இருக்கும். மற்ற குரங்குகள் அதைச் சேர்த்துக்கொள்ளாது. கோயிலில் தேங்காய்ச் சில்லு விழுந்தால் பெரிய கடுவன் பிடுங்கிக்கொள்ளும். ஒரு நாள் அது வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் உட்கார்ந்து கொண்டியையே பார்த்தது. தட்டியது. கடித்தது. பிறகு தூக்கியது. கதவு திறந்துகொண்டது. வாசல் ஓரம் இருந்தது தலைவர் கொப்பையாவின் மூட்டை. மூன்றே நாளில் மூட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

ஐந்து பேரும் டி.வி. அறையில் கூடினார்கள். டி.வி. ரிப்பேருக்குப் போய்ப் பல வருசம் ஆகிறது. அறை மட்டும் இன்னும் ரிப்பேராகவில்லை. கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான், அது தலைவருக்கு. பெண்பிள்ளைகள் உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். சீனியம்மா செருப்பு விடுகிற இடத்தில் நின்றாள்.

"பெரிய மாமா, கொண்டியில ஒரு கம்பியை விட்டு முறுக்கிட்டா முடிஞ்சுபோச்சு. எங்க வீட்டுல கம்பி இருக்கு. எடுத்துட்டு வரவா?"

கொப்பையா அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

"கம்பி எங்க தாத்தா காலத்துலயே இருந்துச்சும்மா. ஒரு குரங்கு புதுசா ஒண்ணக் கண்டுபிடிச்சிருக்கு. நாம பழைய கம்பியைத் தூக்கிக்கிட்டுப் போனா ஊருக்கு என்ன மரியாதை?"

"அதான! குரங்கு புதுசு பண்ணுனா நாமளும் புதுசுதான் பண்ணணும்" என்றார் சுருளி.

"அதுக்கு மொதல்ல, அதுக்கு எப்பிடிப் புத்தி வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் ஜக்கையன். எட்டாவது படித்தவர் அல்லவா.

மறுநாள் ஐந்து பேரும் கீழூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு சினைமாட்டுக்குப் பின்னால் நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் கை உள்ளே இருந்தது. கேள்வியைக் கேட்டு, கையை எடுக்காமலே பதில் சொன்னார்:

"பசிங்க. பசிச்சா எந்தப் பிராணியும் புதுசா ஒரு வழி தேடும். மனுசனும் அப்படித்தான். தள்ளி நில்லுங்க, உதைக்கும்."

திரும்பி வரும்போது, டாக்டருக்கு யோசனை எங்கேயிருந்து வந்தது என்று ஜக்கையன் ஒரு கேள்வி கேட்டார். அதற்குக் கிடைத்த பதிலை நான் சொல்ல மாட்டேன்.

விசயம் தெளிவாகிவிட்டது. குரங்குக்குப் பசி, அதனால் புத்தி. இவர்களுக்கு வயிறு நிறைந்திருக்கிறது, அதனால் இல்லை. அப்புறம் என்ன? குரங்குக்கு மூன்று வேளையும் சோறு போடுவது, ஐந்து பேரும் பட்டினி கிடப்பது என்று தீர்மானம் போட்டார்கள். சோறு ஆக்குவது யார் என்று தீர்மானத்தில் எழுதவில்லை. அதெல்லாம் எழுதியா தெரியவேண்டும்? கொப்பையாவின் சம்சாரம் விடியுமுன் எழுந்து குரங்குக்குத் தயிர்சாதம் பிசைந்தாள்.

இரண்டாம் நாள் பசி வேலை செய்தது. வீரணன் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"தலைவரே. கதவு இருக்கறதாலதான அது திறக்குது? கதவையே கழட்டிட்டா எதைத் திறக்கும்?"

கொப்பையாவுக்குக் கண் கலங்கியது.

"கழட்ட வேண்டியதில்லை. தெறந்தே போட்டுருவோம். தெறந்து கெடக்கற கதவை யாரால தெறக்க முடியும்?" என்றார் அவர்.

ஐந்தாவது ஆளைச் சொல்கிறேன். இதற்காக அவரை மற்ற நாலு பேரும் தோளில் தட்டினார்கள். அந்தப் பெருமையை வீட்டில் வந்து நாலு தடவை சொன்னாராம்.

சீனியம்மா வாசலில் இருந்து, "மாமா, உங்க காலுல விழறேன், கதவைத் தெறந்து போடாதீங்க" என்றாள். பட்டினி கிடப்பவர்களிடம் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்று சுருளி அவளை அதட்டினார்.

கதவைத் திறந்து போட்டார்கள். மொட்டைவாலி வந்தது. வயிறு முட்டத் தயிர்சாதம். பசி இல்லை, ஆனாலும் பழக்கம். திறந்த கதவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. திறந்த கதவை மூடவும் முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தொந்தரவு இல்லாமல் தின்றது. கொப்பையாவின் மூட்டை காலி.

வயிறு நிறைந்த குரங்குக்குப் பொழுது போகவில்லை. குழாயைத் திறந்து பார்த்தது. கொப்பையா வண்டியில் ஹாரன் அடித்துப் பார்த்தது. பூசாரி வீட்டு உப்பு ஜாடியின் மூடியைத் திருகி எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தது. கடலையைத் தின்றதைவிட எறிந்ததுதான் அதிகம்.

மறுபடியும் மாட்டாஸ்பத்திரி. இந்தத் தடவை டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அதுவும் உண்டுங்க. பயமில்லாம, வயிறு நெறஞ்சு, சும்மா உக்காந்திருந்தாலும் புதுசு புதுசா எதையாவது செஞ்சு பாக்கும். காட்டுல இருக்கறதவிட கூண்டுல சோறு போட்டு வளக்கறதுங்கதான் நிறைய வித்தை கண்டுபிடிக்கும். நேரம் இருக்குல்ல!"

"போன தடவை பசின்னீங்க?"

"ரெண்டும்தாங்க."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டும் என்றால் ரெண்டையும் செய்துவிட வேண்டியதுதான். பட்டினி அப்படியே இருக்கட்டும். அதோடு, குரங்குக்குச் சும்மா இருக்க நேரமே கொடுக்கக் கூடாது. இவர்கள் மட்டும் சும்மா இருக்க வேண்டும். இதில் மட்டும் அவர்களுக்குப் பழகிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. வேலை செய்கிற வீரணன் ஒருத்தர்தான் குறுக்கே நின்றார். குரங்குக்கு வேலை சொல்லிக்கொடுக்க அவரை ஒதுக்கிவிட்டார்கள்.

வீரணன் ஒரு விளக்குமாற்றை மொட்டைவாலி கையில் கொடுத்தார். அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போட்டது.

"இப்பிடிப் பிடி. இந்தா, இப்பிடிக் கூட்டணும். பாத்தியா? இன்னொரு தடவை காட்டுறேன்."

காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் காட்டினார். மேலத்தெரு, கீழத்தெரு, கோயில் வாசல் எல்லாம் காட்டினார். குரங்கு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சுவர் மேல் உட்கார்ந்து பார்த்தது. ஊர் உண்டானதில் இருந்து தெரு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. வீரணன் மறுபக்கம் திரும்பிக் கூட்டும்போதெல்லாம் குரங்கு கொட்டகைக்குப் போய் வந்தது. நாலு நாளில் பூசாரியின் மூட்டையும் காலி.

அடுத்து இருந்தது சீனியம்மாவின் இரண்டு மூட்டை. நல்லேருக்கு இரண்டு நாள்.

அவள் கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டு கொட்டகைக்கே போனாள். வீரணன் விளக்குமாற்றை நீட்டி மறித்தார்.

"தீர்மானம் இல்லாம எதையும் மாட்டக் கூடாது, தாயி."

"என் விதை போயிரும்ணே. நிலம் போயிரும்ணே."

"போவாது. நாங்க யோசிச்சுக்கிட்டுத்தான இருக்கோம்?"

யோசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாம் தடவை நடந்து போகத் தெம்பு இல்லாமல் டாக்டருக்குப் போன் போட்டார்கள். அவர் அவசரமாகச் சொன்னார்:

"ஒண்ணு பாருங்க. கூட்டத்துத் தலைவன் எதையும் கண்டுபிடிக்காது. அதுக்கு என்ன தேவை? அடிச்சுப் பிடுங்கித் தின்னும். கூட்டத்துலயே கடைசியா இருக்கற ஒல்லிக்குச்சிதான், எல்லாரும் தின்னு முடிச்ச பெறகு வாய் வைக்கிறதுதான், புதுசா வழி தேடும். சின்னக் குட்டிகளும் தேடும். வெச்சிரட்டுமா?"

வைத்துவிட்டார்.

கொப்பையா மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்து தரையில் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லணும்னா, இந்த ஊர்ல என்னை யாரும் மதிக்கறதே இல்ல. அதனால நான்தான் கடைசி."

"அப்பிடிச் சொல்லாதீங்க தலைவரே. நான் மதிக்கிறேன்" என்றார் சுருளி.

"நீ மதிச்சு என்னய்யா ஆகப்போகுது? உன்னையே ஒருத்தனும் மதிக்கலையே!"

"பாத்தீங்களா? அப்ப நான்தான கடைசி?"

"என்னைப் பாத்து எங்க வீட்டு நாயே குரைக்குது" என்றார் வீரணன்.

"என்னை மூணு வருசம் அதே பெஞ்சுல உக்கார வெச்சாங்க. கூடப் படிச்சவன் வாத்தியாரா வந்து எனக்கே பாடம் எடுத்தான்" என்றார் ஜக்கையன்.

அந்த ஐந்தாவது ஆள் மட்டும் தலை குனிந்தபடி இருந்தார். பிறகு சொன்னார்:

"எம் பொண்டாட்டிகிட்ட நான் எவ்வளவு பெரிய விசயம் சொன்னாலும், கையில ஒரு வேலைய வெச்சுக்கிட்டு 'ம்'னு மட்டும் சொல்லுவா. நிமிந்துகூடப் பாக்க மாட்டா."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பெண்ணையும் குறை சொல்வதற்கில்லை. கைவேலையாக இருந்திருப்பாள்.

வாதம் வலுத்தது. தரையை விட்டுப் படிக்குப் போனார் ஒருவர். படியை விட்டுச் செருப்புக் கிடக்கிற இடத்துக்குப் போனார் இன்னொருவர். சீனியம்மா நின்ற இடத்தில் இப்போது நாலு பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"கடைசி நான்தான் மாமா. என்னை நீங்க உள்ளயே விடறதில்ல. அதான் அன்னையிலிருந்து சொல்றேன், கம்பியை…"

"நீ கூட்டத்துலயே இல்லையேம்மா! கூட்டத்துல இருக்கறவங்கள்ல யாரு கடைசின்னுதான பாக்கணும்?" என்றார் கொப்பையா.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு நியாயமான பேச்சு.

சீனியம்மா முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு அவள் குரலே மாறிவிட்டது. ரொம்பப் பணிவாகப் பேசினாள்.

"எனக்கென்ன மாமா தெரியும்? பாத்தா அஞ்சு பேருமே கடைசி மாதிரிதான் தெரியுது. அஞ்சு பேரும் கொட்டகைக்குள்ளயே போயி உக்காந்து யோசிச்சா என்ன? ஆனா டாக்டரு சொன்னதை மறந்துராதீங்க. எல்லாருக்கும் பெறகு வாய் வைக்கிறவருக்குத்தான் புத்தி வரும். முந்திக்கிட்டு ஒரு கடலையத் தின்னவரு தலைவராயிருவாரு. அப்புறம் ஒண்ணும் தோணாது."

பெண்பிள்ளை சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறாள் என்று ஐந்து பேரும் கொட்டகைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். கொண்டியை வெளியே போடவேண்டுமே! வீரணன் வெளியே வந்து கொண்டியை மாட்டினார். இப்போது அவர் உள்ளே போக முடியவில்லை. கொண்டியைத் தூக்கி உள்ளே போனார். இப்போது கொண்டி போடவில்லை. இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை சீனியம்மா, "நீங்க உள்ள இருங்கண்ணே, நான் மாட்டுறேன்" என்றாள்.

மாட்டினாள். முந்தானையை அவிழ்த்தாள். கம்பியை விட்டு ஆறு முறுக்கு முறுக்கினாள்.

உள்ளே நடந்ததை அந்த ஐந்தாவது ஆள் பிறகு வீட்டில் வந்து சொல்லி, அது எப்படியோ மலை தாண்டி என் காதுக்கு வந்தது. சுற்றிலும் கடலை மூட்டை. எட்டு நாளைக்கு மேல் பட்டினி கிடந்த ஐந்து வயிறு.

"தலைவரே, வாடிப்போயிட்டீங்க. ஒரு வாய் தின்னுங்க."

"சேச்சே. பூசாரி, நீ தின்னு."

"சாமிக்கு வைக்காம நான் எப்பிடித் திங்கறது? ஜக்கையா, நீ தின்னு."

"எனக்கு வேண்டாம். வீரணண்ணன் தெருவெல்லாம் கூட்டிக் களைச்சிருக்காரு, பாவம். அண்ணே, ஒண்ணே ஒண்ணு…"

"என்னைத் தலைவனாக்கப் பாக்கறியாடா?" என்று வீரணன் அடிக்கப் போய்விட்டார்.

உபசரிப்பில் ஒரு குறையும் இல்லை. கடலையை உடைத்து ஒருவர் வாயில் ஒருவர் திணிக்கப் பார்த்தார்கள். ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஒரு பருப்புகூட யார் தொண்டையிலும் இறங்கவில்லை.

வெளியே மொட்டைவாலி வந்தது. கொண்டியைத் தூக்கியது. வரவில்லை. கம்பியைப் பார்த்தது. இழுத்தது, கடித்தது, கோபப்பட்டது. தயிர்சாதத்தை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க உட்கார்ந்திருந்தது. மறுநாளும்.

நல்லேர் அன்று காலையில் சீனியம்மா கூடையோடு கம்பியை அவிழ்க்க வந்தாள். அவள் வருவதற்கும் மொட்டைவாலி கம்பியைப் பிடித்து மறுபக்கமாகத் திருகுவதற்கும் சரியாக இருந்தது. பூசாரி வீட்டு ஜாடி மூடியில் பழகிய கை. ஆறு முறுக்கும் பிரிந்தது. கொண்டி தூக்கிக்கொண்டது. கதவு திறந்தது.

உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் வெளிச்சம் கண்ணில் அடித்தது. வாசலில் கம்பியும் கையுமாகக் குரங்கு நின்றது.

"தெறந்துருச்சு! நாம யோசிச்சது அது தலைக்குள்ள போயிருச்சு!" என்று கத்தினார் ஜக்கையன்.

"உசுரைக் காப்பாத்துன தாயே!" என்று கொப்பையா தவழ்ந்துபோய்க் குரங்கின் காலில் விழுந்தார். மற்ற நாலு பேருக்கும் எழுந்து நிற்கவே முடியாததால் விழுவது சுலபமாக இருந்தது.

சீனியம்மா அவர்களைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு மூட்டையும் கட்டு அவிழாமல் இருந்தன. ஒன்று தலையில், இன்னொன்று இடுப்பில். திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். ஊர்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து உரித்துக் கொடுத்தோம். கொடுத்தார்களாம். மூன்றாம் நாள் மழை பிடித்தது. இப்போது அந்த ஒரு ஏக்கரும் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதாம், கேள்விப்பட்டேன்.

மறுவாரம் கூட்டத்தில், ஐந்து உயிரைக் காத்த மொட்டைவாலியை ஆறாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம்.

"அது பொட்டையாச்சே. உள்ள விடலாமா?" என்றார் சுருளி.

"விடறதுக்கு என்ன இருக்கு? அதான் ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்கே" என்றார் ஜக்கையன்.

உட்கார்ந்துதான் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில். எழுப்பப் போன கொப்பையாவின் கையைக் கடித்தது. ஆகவே அதையே தலைவியாக்கிவிட்டார்கள். இதை மட்டும் அவர்கள் யோசித்துச் செய்யவில்லை, அதனால்தான் சரியாக நடந்தது. தலைவி ஆன அன்றிலிருந்து மொட்டைவாலி கொட்டகைப் பக்கம் போவதில்லை. எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. யார் கையில் என்ன இருந்தாலும் பிடுங்கித் தின்கிறது, அவ்வளவுதான். முன்பெல்லாம் ஓட்டோடு தின்னும். இப்போது உரித்துக் கொடுத்தால்தான் தொடுகிறது. அதற்கு அந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்துச் சொளகு சொளகாக உரிக்கிறார்கள். கம்பி கொண்டுவந்த சீனியம்மா இன்னும் செருப்பு விடுகிற இடத்தில்தான் நிற்கிறாள், பெண்பிள்ளை உள்ளே வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே!

ஆனால் ஒன்று மனசில் உறுத்துகிறது. அதன் குட்டி இருக்கிறதே, அது நேற்றிலிருந்து கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே பத்திரமாக இருந்த பூட்டை எப்படியோ வெளியே எடுத்து, அதன் ஓட்டைக்குள் ஒரு…

"ஏ புள்ள! இன்னைக்கு நம்ம வீட்டு முறைன்னு தெரியுமா தெரியாதா? தலைவியம்மா வந்து உக்காந்தாச்சு, கடலை எங்கன்னு நாற்காலியப் போட்டு ஆட்டுது! நான் இங்க முக்கியமான விசயம் பேசிக்கிட்டிருக்கேன், நீ என்னடான்னா…"

ம். இந்தா, வந்துட்டேங்க. சொளகு நிறைந்துவிட்டது, பிள்ளையை மட்டும் தூளியிலிருந்து தூக்கிக்கொண்டு… அடப்பாவி, தூளி முடிச்சை இவன் எப்படி அவிழ்த்தான், இப்போதுதானே நான் இரண்டு முடிச்சாகப் போட்டேன்!